மாலை கழற்றிய படம்

கடையை விற்கப் போகிறோம் என்பதே எனக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். காலையில் கருவேப்பிலைக் கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அவர் ஷட்டரைத் தூக்கிவிட்டு என் பக்கம் வந்து, பௌதி, நிஜமாகவே ஊரைவிட்டுப் போகிறீர்களா என்று வங்காளியில் கேட்டார். இருபது வருஷத்துக்கு மேலாக என்னை அண்ணி முறை வைத்துக் கூப்பிடுகிறவர். வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஆள் இல்லை. பார்க்கலாம் என்று ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனேன். கல்லாவில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் காப்பிக்கொட்டை மூட்டையைப் பார்த்தார்.

ஊர் முழுக்கத் தெரிந்த பிறகுதான் பெண்டாட்டிக்குத் தெரிய வேண்டுமா என்று நான் போட்ட சத்தத்தில், தேங்காய் வாங்க வந்த ஒரு அம்மாள் வாங்காமலே திரும்பிப் போனாள். போகட்டும் என்று விட்டேன். என் சுபாவம் அப்படி. கோபம் வந்தால் வியாபாரம் கண்ணுக்குத் தெரியாது.

"ஏட்டி, இந்தக் கைய வச்சிக்கிட்டு நான் இனிமே என்ன செய்யட்டும்? நீ ஒருத்தியா எத்தன நாளைக்கு இழுப்ப?" என்றார் அவர், சத்தம் அடங்கிய பிறகு.

முந்தின வருஷம் வாதம் வந்து அவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. நாட்டு மருந்து, இங்கிலீஷ் மருந்து, காளி கோயில் தீர்த்தம் எல்லாம் பார்த்து நடமாட்டம் வந்தது. கை வரவில்லை. பொட்டலம் மடிக்க வராது, தராசு தூக்க வராது. கடையைத் திறப்பதும் அடைப்பதும் நான். மூட்டை வந்தால் இறக்கிவைக்க ஆள் தேடுவதும் நான். போதாததற்குப் பாதாள ரயிலுக்கென்று பெரிய ரோட்டைத் தோண்டிப் போட்டு வருஷக்கணக்காகியிருந்தது. பாலிகஞ்சிலிருந்து வருகிற நல்ல வாடிக்கையெல்லாம் பள்ளத்துக்கு மேலே போட்ட பலகையில் நடந்து வரப் பயந்து நின்றுபோனது. கரண்டோ நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அவருடைய தங்கை அம்பாசமுத்திரத்தில் இருந்தாள். வீட்டில் ஒரு பக்கம் ஒழித்துத் தருகிறேன், அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்த ஊரில் என்ன வைத்திருக்கிறது? ஆனால் காளிகாட்டில் மட்டும் என்ன மிச்சம் என்று கேட்டால், கடை ஒன்றுதான்.

கடை என்று சொல்வதுகூடச் சரியில்லை. கடையின் பெயர்.

பெரிய ரோட்டிலிருந்து கோயில் பக்கம் போகிற சந்தில் எங்கள் கடை. புளி, அப்பளம், நல்லெண்ணெய், வறுத்து அரைத்த காப்பிப்பொடி. ரயில்வேயிலும் பாங்கியிலும் மாற்றலாகி வருகிற தமிழ்க் குடும்பங்களுக்கு எங்களை விட்டால் ஆள் கிடையாது. கடை திறந்த மாதத்தில்தான் எங்கள் மகள் பிறந்தாள். அவள் பெயரையே கடைக்கு வைத்து, வங்காளி, இங்கிலீஷ், தமிழ் மூன்றிலும் போர்டு எழுதி மாட்டினோம். பெயர் வைத்த நேரம் நல்ல நேரம் என்று எல்லோரும் சொன்னார்கள். கடை நன்றாகத்தான் நடந்தது. அவள்தான் நடக்கவில்லை. ஒன்பது வயதில், ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர், டாக்ஸி வராது. கைரிக்‌ஷாவில் என் மடியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது மடி காலி.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளை எரித்த சாம்பல் கோயிலுக்குப் பின்னால் ஓடுகிற ஆதிகங்கையில் போயிற்று. பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரில் அவர்களே பெயரை எடுத்திருப்பார்கள். ரேஷன் கார்டில் நான்தான் வரிசையில் நின்று எடுத்துவிட்டு வந்தேன். அந்தக் குமாஸ்தா அவள் பெயர் மேல் ஒரு கோடு போட்டார். ஆக, இந்த உலகத்தில் என் மகள் பெயர் எழுதியிருந்த ஒரே இடம் அந்தப் போர்டுதான். தினமும் காலையில் அதற்குக் கீழே நின்றுதான் நான் பூட்டைத் திறப்பேன்.

அதனால் விற்பதற்குச் சம்மதித்தபோது ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன். யார் வேண்டுமானாலும் வாங்கட்டும், என்ன விலைக்கு வேண்டுமானாலும் போகட்டும், பெயரை மாற்றக் கூடாது. அதை எழுதி வாங்க வேண்டும். அவர் சரி என்றார். அவருக்கு மட்டும் அவள் மகள் இல்லையா?

எங்களுக்கு யோசனை சொன்னவர் பாலிகஞ்சில் குடியிருந்த ஒரு பாங்க் ஆபீசர். தமிழர், காப்பிப்பொடி வாடிக்கை. விற்கிற கடை, விற்காத கடை மாதிரி இருக்க வேண்டும் என்பார். சரக்கு குறையக் கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், லைசென்ஸைப் புதுப்பித்து வைக்க வேண்டும், கட்டடச் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே பேசி, ஆள் மாறுவதற்கு அவருக்குக் கொடுக்க வேண்டிய சலாமிப் பணத்தை முடிவு செய்ய வேண்டும். எதையும் விடாமல் செய்தோம். ஓட்டை டின்களைப் பழைய சாமான்காரனிடம் போட்டேன். எலி கடித்த பலகையை மாற்றினேன். வருஷக்கணக்காகக் கடையை இப்படி வைத்திருந்தால் விற்கவே வேண்டியிருந்திருக்காது என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

"வாங்குறவன் உங்க சரக்கையா வாங்குறான்? அது எங்கேயும் கிடைக்கும். பேரைத்தான் வாங்குறான். ராசியான பேர்னு அவன் நம்பணும்," என்று அந்த ஆபீசர் சொன்னது எனக்குத் தேனாக இருந்தது. ஆனால் அப்படிச் சொல்லும்போதே அவர் கல்லாவுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

கல்லாவுக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், என் மகள் படம் இருந்தது. பள்ளிக்கூட யூனிபாரம், ரெட்டைச் சடை, ரிப்பன். படத்துக்குச் சந்தன மாலை, நெற்றியில் குங்குமம், கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பு.

அந்த ஆபீசர் சொல்லாமல் விட்டதை என் வீட்டுக்காரர் மறுநாள் சொன்னார். மாலை போட்ட பிள்ளை படத்தைக் கல்லா மேலே வைத்துக்கொண்டு ராசியான கடை என்று எவனிடம் சொல்வது, படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"அவ கடைய விட்டு அவளையே வெளிய போகச் சொல்லுதியளா?"

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அவர் ஒரு வழி சொன்னார். படம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மாலையை மட்டும் எடுத்துவிடலாம். செத்தவர்கள் படம் என்று ஊருக்குச் சொல்வது மாலைதானே? அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அவருக்குக் கை வராது என்பதால் நான்தான் முக்காலி மேல் ஏறினேன். மாலையைக் கழற்றி, குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்து, பல்பையும் எடுத்தேன். இறங்கி நின்று பார்த்தால், பள்ளிக்கூடம் விட்டு வந்து பசிக்கிறது என்று நிற்கிற மாதிரி இருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கடைக்கு வெளியே போய் நின்றார். மாலை இல்லாத படத்தை எங்கள் ஜனங்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது தோன்றவில்லை. விபூதி பூசிய குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது தெரியாமல் போனது எப்படி என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

முதலில் வந்தவர் ஒரு ஜவுளி வியாபாரி. இடம் மட்டும் போதும், துணி அடுக்கப் போகிறேன் என்றார். நாங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே தருகிறேன் என்றார். போர்டு இருக்குமா என்று கேட்டேன். குடோனுக்கு எதற்குப் போர்டு என்று சிரித்தார். எழுந்து போங்கள் என்று நான் சொன்ன விதத்தில் அவர் தேநீரைக்கூட முடிக்கவில்லை. அன்று முழுவதும் என் வீட்டுக்காரர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஏனென்றால் திட்டினாரே தவிர, அந்த ஆளைத் திரும்பக் கூப்பிடவில்லை.

அடுத்து வந்தவர் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசுகளுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்தவர். சாத்தூர்ப் பக்கத்து ஆள், நாற்பது வயது இருக்கும், அடக்கமான மனுஷர். கடையைச் சுற்றிப் பார்த்தார், காப்பிப்பொடியை உள்ளங்கையில் போட்டு முகர்ந்தார், எல்லாம் பிடித்திருந்தது. பெயரை மாற்றக் கூடாது என்று சொன்னபோது எதற்கு மாற்ற வேண்டும், நல்ல பெயர்தானே என்றார். எனக்கு மனசு குளிர்ந்தது. அப்போதுதான் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்.

"இந்தப் பாப்பா பேருதானா? இப்ப எங்க கட்டிக் குடுத்திருக்கீக?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"பம்பாயில."

அவர் போன பிறகு நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நீங்கள் மனுஷர்தானா என்று கேட்டேன். பெற்ற பிள்ளை செத்ததை மறைத்து ஒரு கடையை விற்க வேண்டுமா, அதற்கு இதை நெருப்பு வைத்துக் கொளுத்தலாமே என்றேன். அவர் எதிர்த்துக் கத்தவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"உசுரோட இருக்கான்னு சொன்னா பேர் போர்டுல இருக்கும். செத்துட்டான்னு சொன்னா மறுநாளே சொரண்டிருவான். எது வேணும்னு நீயே சொல்லு."

நான் ஷட்டரைத் தூக்கிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போனேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். நாங்கள் ஒரே பொய்யில் முடித்துவிட்டோம். பந்தல் இல்லை, மேளம் இல்லை, மாப்பிள்ளைக்கு முகம்கூட இல்லை.

கடை கைமாறுவதற்கு முன்னால் இரண்டு மாதம் கூடவே இருந்து தொழிலைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. சாத்தூர்க்காரர் இட்லிக் கடையை ஒரு வழி பண்ணிவிட்டு வரும்வரை தன் மனைவியை அனுப்பினார். அடுத்த சந்திலேயே ரூம் எடுத்துக் குடி வந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான். வந்த முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, மாசமாக இருக்கிறாள். ஐந்தாம் மாதம். இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லையாம். அதனால்தான் இடம் மாறுகிறார்கள். ஜோசியன் சொல்லியிருந்தானாம், பெண்பிள்ளை பெயரில் இருக்கிற இடத்துக்குப் போனால் தங்கும் என்று. அவள் இதைச் சொல்லிவிட்டுப் படத்தைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். நான் பருப்பு மூட்டையைப் பிரிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

நல்ல பெண். எதையும் ஒரு தடவை சொன்னால் போதும். எந்த அம்மாளுக்குச் சிக்கரி கூட, எந்த அம்மாளுக்குக் கூடாது, எந்த மூட்டையை முதலில் காலி செய்ய வேண்டும், எல்லாம் பத்து நாளில் பிடித்துக்கொண்டாள். என்னை அத்தே என்று கூப்பிடுவாள். மத்தியானம் கரண்ட் போய்விட்டால் வாடிக்கை வராது. அட்டையால் விசிறிக்கொண்டு இரண்டு பேரும் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருப்போம். அவள் என் மகளைப் பற்றிக் கேட்பாள்.

முதலில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்றுதான் சொன்னேன். மாதுங்காவில் இருக்கிறாள். மாடி வீடு. பிறகு எனக்கே அடங்கவில்லை. மாப்பிள்ளை கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை என்றேன். அவருக்கு ரசம் இல்லாமல் இறங்காது என்றேன். அவள் இன்னும் ரெட்டைச் சடை போட ஆசைப்படுகிறாள், மாமியார் சிரிக்கிறாள் என்றேன். கத்திரிக்காயைக் கண்டால் ஓடுவாள் என்றேன். அது ஒன்றுதான் நிஜம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோமே என்று பயமாகவும் இருக்கும், மறுநாள் கரண்ட் எப்போது போகும் என்று காத்துக்கொண்டும் இருப்பேன். மகள் போன பிறகு இத்தனை வருஷத்தில் அவளைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டால் நான் அழுவேன் என்று எல்லோருக்கும் பயம். இந்தப் பெண் ஒருத்திதான் கேட்டாள்.

சந்தில் உள்ள வங்காளிகள் எல்லோருக்கும் உண்மை தெரியும். மருந்துக்கடைக்காரர்தான் அன்றைக்கு ரிக்‌ஷாவைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கூடவே நடந்து வந்தவர். ஆனால் இந்தப் பெண்ணுக்கு வங்காளி ஒரு அட்சரம் வராது. தமிழ் வாடிக்கையெல்லாம் மாற்றலில் வந்து மாற்றலில் போகிறவர்கள், பழைய ஆள் யாருமில்லை; மாலை போட்ட படத்தைப் பார்த்திருந்தவர்களும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். அந்த வேலி போதும் என்று நினைத்தோம்.

கடை கைமாற நாள் பார்த்தபோது சாத்தூர்க்காரர் ஒரு ஆசை சொன்னார். யார் பெயரில் கடை இருக்கிறதோ அவர்கள் கையால் விளக்கேற்றி ஆரம்பித்தால் நன்றாக இருக்கும், பம்பாயிலிருந்து மகளை வரவழைக்க முடியுமா, டிக்கெட் செலவு என்னுடையது என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் யோசிக்கவே இல்லை. அவள் உண்டாகியிருக்கிறாள், டாக்டர் ரயில் ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அவளுக்கும் ஒரே சமயத்திலா என்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வீட்டுக்குப் போகிற வழியில் என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார்.

"ஏட்டி, கல்யாணத்தோட நிறுத்தியிருக்கக் கூடாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தப் பள்ளத்துப் பலகைமேல் நின்றுகொண்டே அழுதேன். கீழே கூலிக்காரர்கள் மண் சுமந்துகொண்டிருந்தார்கள்.

அந்த நாளும் வந்தது. காலையிலேயே கடையைக் கழுவி, கோலம் போட்டு, குத்துவிளக்கு வைத்தோம். மருந்துக்கடைக்காரர் சந்தேஷ் மிட்டாய் வாங்கி வந்திருந்தார். மகளுக்குப் பதில் நானே விளக்கேற்றினேன். சாவியைத் தாம்பாளத்தில் வைத்து என் வீட்டுக்காரர் இடது கையால் கொடுத்தார். இடது கையால் கொடுக்கிறோமே என்று அவருக்குக் கூச்சம். சாத்தூர்க்காரர் அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். பெயரை மாற்றுவதில்லை என்று எழுதிய காகிதத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது ஏழு மாதம். குனிய முடியாமல் குனிந்து என் காலைத் தொட்டாள். எழுந்து, விபூதித் தட்டை என் முன்னால் நீட்டினாள்.

"ஒங்க மக மாதிரி நீயும் இருன்னு சொல்லித் துன்னூறு பூசி விடுங்க, அத்தே."

நான் விரலில் விபூதியை எடுத்துவிட்டேன். வாய் வரவில்லை. மகராசியாக இரு என்று சொல்லு என்று என் வீட்டுக்காரர் பின்னால் நின்று முணுமுணுத்தார். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லிப் பூசிவிட்டு ரயிலேறியிருக்கலாம். ஆனால் அவள் விடவில்லை. அப்படி வேண்டாம் அத்தே, மக பேரைச் சொல்லியே சொல்லுங்க என்று நெற்றியைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். கண்ணை மூடியிருந்தாள். வயிறு என் புடவையில் பட்டுக்கொண்டிருந்தது. பொய் சொல்வதற்கு எனக்குப் பயம் கிடையாது, இரண்டு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் நெற்றியில் கை வைத்து, என் மகளைப் போல இரு என்று எந்த வாயால் சொல்வது?

"எம்மக மாதிரி நீ இருக்க வேண்டாம் தாயி. அவ இல்ல."

கண்ணைத் திறந்தாள். அவளுக்குப் புரியவில்லை. ஒன்பது வயதிலேயே போய்விட்டாள் என்று திரும்பச் சொன்னேன். இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே நடந்து வாசலுக்கு வெளியே போய்விட்டாள். தமிழ் புரியாவிட்டாலும் மருந்துக்கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவளைத் தன் கடை பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

சாத்தூர்க்காரர் கத்துவார், காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். என்ன காய்ச்சல் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சொன்னார். பிறகு வெளியே போய் மனைவியிடம் குனிந்து ஏதோ பேசிவிட்டு வந்தார்.

"கடை கடைதான்ம்மா, பேசுனது பேசுனதுதான். பேர மாத்த மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன், அதையும் இல்லன்னு சொல்லல. நீங்களா விட்டாத்தான் உண்டு. ஆனா அவ அந்தப் போர்டுக்குக் கீழ இனிமே நுழைய மாட்டா."

காகிதம் என் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் இருந்தது. அவர் அதை எடுத்துக் காட்டவில்லை. நீ முடிவு செய் என்றுகூடச் சொல்லவில்லை. ஏமாற்றியதற்கு இதுதான் கூலி என்று என் மனசில் ஒரு பக்கமும், காகிதத்தைக் காட்டி மல்லுக்கு நில் என்று இன்னொரு பக்கமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. என்னிடம் இருந்தது அந்த ஒரு பெயர்தான். ஜவுளிக்காரனை விரட்டியதும், மாலையைக் கழற்றியதும், இல்லாத மாப்பிள்ளைக்கு ரசம் வைத்ததும் அதற்காகத்தான். வெளியே பார்த்தேன். அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீரைக் குடிக்காமல், டம்ளரை வயிற்றின் மேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை தங்காத வயிறு.

பேர எடுத்துருங்க என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட ஒரு ஆள் இல்லாமல் போனதுதான் தாங்க முடியவில்லை.

படத்தை நானே இறக்கிப் பழைய துணியில் சுற்றி எடுத்துவந்தேன். வரும்போது அந்தப் பெண் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். நான் துணிப்பொட்டலத்தை மாரோடு அணைத்துக்கொண்டு அவளைத் தாண்டி நடந்தேன்.

மறுநாள் மத்தியானம் ஹவுராவுக்குக் கிளம்பினோம். டாக்ஸி சந்துக்குள் வராது. பெட்டி படுக்கையெல்லாம் ஏற்றி, பெரிய ரோட்டு ஓரத்தில் என் வீட்டுக்காரரை உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் திரும்ப நடந்தேன். பின்கட்டுச் சாவி ஒன்று என் கொத்திலேயே தங்கிவிட்டது, அதைக் கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். கடைப் பக்கம் பார்க்கக் கூடாது என்று போகும்போதே தீர்மானம்.

பார்க்காமல் இருக்க முடியுமா? ஷட்டர் மூடியிருந்தது. ஏணி போட்டு ஒரு பெயிண்டர் ஏறி நின்றிருந்தார். நரைத்த தலை, காதில் பீடி. கையில் பெயிண்ட் சுரண்டுகிற தகடு. வங்காளி எழுத்திலும் இங்கிலீஷ் எழுத்திலும் பெயர் இருந்த இடம் வெறும் தகரமாக இருந்தது, ஸ்டோர்ஸ் மட்டும் மிச்சம். கீழே தமிழ் வரியில் கை வைக்காமல் நின்றுகொண்டிருந்தார். அந்த வரி ஆரம்பத்தில் நான் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, தமிழ் தெரியாத ஒரு பெயிண்டர் அதைப் பார்த்து எழுதியது. எழுத்துக்கு எழுத்து ஒரே அளவு இடம் விட்டுக் கடைசி வரைக்கும் கொண்டுபோயிருந்தார். பெயர் எங்கே முடிகிறது, ஸ்டோர்ஸ் எங்கே தொடங்குகிறது என்று படிக்கத் தெரியாதவருக்குத் தெரியாது.

அவர் என்னைப் பார்த்தார். புடவைக் கட்டைப் பார்த்து மதராஸி என்று தெரிந்திருக்கும். சித்தி முறை வைத்து, மாஷிமா, உங்களுக்கு இந்த எழுத்து தெரியுமா என்று கேட்டார். பெயரை மட்டும் சுரண்டச் சொல்லியிருக்கிறார்கள், மற்றது இருக்க வேண்டுமாம், இதில் பெயர் எது, கொஞ்சம் காட்டுங்கள் என்றார்.

தெரியாது என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். அவர் வேறு யாரையாவது கேட்டிருப்பார். யாரோ ஒருத்தர் வந்து, இதுதான், எடு என்று காட்டுவதைவிட நானே காட்டலாம் என்று தோன்றியது. போர்டுக்குக் கீழே போய் நின்று, இந்த ஓரத்திலிருந்து என்று கையை நீட்டினேன். அவர் சுரண்ட ஆரம்பித்தார். பச்சைப் பெயிண்ட் துணுக்குகள் என் தோளிலும் தலையிலும் விழுந்தன. நான் நகரவில்லை.

இரண்டு எழுத்து போனதும் நிறுத்திவிட்டு, போதுமா என்று குனிந்து கேட்டார்.

இல்லை, இன்னும் ஒரு எழுத்து இருக்கிறது என்றேன்.